பிள்ளைகளைப் பார்க்க வராதீர்கள்

“ஒண்ணுமே செய்யாம இருக்கிறதுக்கு இது எவ்வளவோ மேல் இல்லையா?” அநாதை இல்லங்களுக்குப் போய்வருவதைப் பற்றிக் கேள்வி எழுப்பினால், காரைக்குடியானாலும் சிங்கப்பூரானாலும் டல்லாஸானாலும் இந்தப் பதில்தான் வருகிறது. வெளிநாட்டுச் சபை ஒன்றிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் ‘மிஷன் ட்ரிப்’ புறப்படுகிறார்கள். இரண்டு வாரம் இல்லத்தில் பாட்டு, விளையாட்டு, வேதபாடம். மிச்ச நேரத்தில் சுவருக்குப் பெயின்ட். ஊர் திரும்பியதும் சபையில் சாட்சி சொல்கிறார்கள், திரையில் படங்கள் ஓடுகின்றன, கேட்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வருஷப் பயணத்துக்குப் பெயர் கொடுக்கிறார்கள். இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது என்பது பொதுக்கருத்து. நிறைய இருக்கிறது என்பது என் கருத்து. இவர்கள் ஒன்றுமே செய்யாமல் வீட்டில் இருந்திருந்தால், சில பிள்ளைகள் இன்று தாயோடு இருந்திருக்கும்.

கிறிஸ்தவர்களை மட்டும் சொல்வதாக யாரும் மகிழ வேண்டாம். செட்டிநாட்டில் அறுபதாம் வயது சாந்திக்கும் பேரன் பிறந்தநாளுக்கும் அப்பச்சி திதிக்கும் இல்லத்தில் ஒரு வேளைச் சாப்பாடு போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலான இல்லங்களின் வாசலில் விலைப் பலகை தொங்கும்: காலை டிபனுக்கு இவ்வளவு, மதியம் வடை பாயசத்தோடு இவ்வளவு, சிக்கன் பிரியாணி என்றால் இவ்வளவு. சோற்று வாளிகள் 12 மணிக்கே வந்துவிடும். உபயக்காரர் நல்ல நேரம் பார்த்து, கோவிலுக்கும் போய்விட்டு, 2 மணிக்கு வருவார். அதுவரை பிள்ளைகள் தட்டோடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு கேக், கைதட்டல், ‘ஹேப்பி பர்த்டே’. பிறந்தநாள் பையன் கரண்டியோடு வாளிக்கு அந்தப் பக்கம் நிற்பான். அவன் வயதேயான இன்னொரு பையன் தட்டை நீட்டியபடி இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பான். இரண்டு பேரையும் சேர்த்து வைத்து ஒரு போட்டோ. இப்படி ஒரு இல்லத்தில் வார்டனாக இருந்த அம்மா ஒருமுறை சலித்துக்கொண்டார்: “ஞாயித்துக்கிழமைன்னா மூணு பார்ட்டி சார், பிரியாணி மிஞ்சிப் போகும். புதன்கிழமை யாரும் வரமாட்டாங்க, வெறும் ரசந்தான்.”

வெளிநாட்டுச் சபைக் குழு செய்வதும் அடிப்படையில் இதே காரியம்தான். பார்ட்டி பெரிது, தங்கும் நாட்கள் அதிகம், பணம் டாலரில் வருகிறது.

முதலில் ‘அநாதை’ என்ற கதையைப் பார்ப்போம். 2009-ல் ‘சேவ் த சில்ட்ரன்’ அமைப்பு வெளியிட்ட அறிக்கை, உலகம் முழுக்க இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருப்பதாகச் சொன்னது. அது வெளிநாட்டுக் கணக்கு, நம்மூர் வேறு என்பார்கள். நம்மூர்க் கணக்கைக் கொரோனா எடுத்துக் கொடுத்தது. ஊரடங்கு தொடங்கியபோது இந்தியாவில் குழந்தைகள் இல்லங்களில் சுமார் 2 லட்சத்து 27 ஆயிரம் பிள்ளைகள் இருந்தார்கள். தொற்றுக்குப் பயந்து அவர்களில் சுமார் 1 லட்சத்து 45 ஆயிரம் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் பேசப்பட்ட எண்கள் இவை. அநாதைகள் என்றால் எந்த வீட்டுக்குப் போனார்கள்? அம்மா வீட்டுக்கு, அப்பா வீட்டுக்கு, பாட்டி வீட்டுக்கு. அனுப்ப முடிந்தது என்றால் விலாசம் அலுவலகத்திலேயே இருந்தது என்று அர்த்தம். பஸ் ஏற்றி அனுப்பும் தூரத்தில்தான் அந்த அம்மா அத்தனை நாளும் இருந்திருக்கிறாள்.

பிறகு எப்படி அந்தப் பிள்ளை இல்லத்துக்கு வந்தது? புருஷன் செத்துப்போயிருப்பான், இல்லை விட்டுவிட்டுப் போயிருப்பான். அவள் செங்கல் சூளையிலோ நூறு நாள் வேலையிலோ ஓட்டிக்கொண்டிருப்பாள். யாரோ ஒருவர் வந்து, “பிள்ளைய எங்க ஹாஸ்டல்ல விடும்மா, இங்கிலீஷ் மீடியம், மூணு வேளை சோறு” என்பார். அவர் கெட்டவராக இருக்கவேண்டிய அவசியமில்லை. தன் இல்லத்தில் நாற்பது பிள்ளைகள் இருந்தால்தான் வெளிநாட்டுச் சபை கட்டடம் கட்டித்தரும் என்பது அவருக்குத் தெரியும், அவ்வளவுதான். விடுதி என்று நினைத்துத் தாய் விட்டுவிட்டுப் போகிறாள். கடல் தாண்டிப் போகும் துண்டுப் பிரசுரத்தில் அதே பிள்ளை அநாதை என்று அச்சாகிறது.

இப்படித்தான் பார்க்க வருகிறவர்கள் இல்லங்களை உண்டாக்குகிறார்கள். இது கேட்க விபரீதமாக இருந்தால் கம்போடியாவைப் பாருங்கள். 2005-லிருந்து 2010-க்குள் அங்கே இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் ஏறியது. அந்த ஐந்து வருஷத்தில் அங்கே போரும் இல்லை, பஞ்சமும் இல்லை. ஏறியது சுற்றுலாப் பயணிகளின் கூட்டம். அங்கோர் கோவிலைப் பார்த்துவிட்டு மாலையில் இல்லத்தில் குழந்தைகள் நடனம் பார்ப்பது பயணத் திட்டத்தில் ஒரு வரி. குழந்தைகள் காட்சிப் பொருள்கள் அல்ல என்று 2011-ல் அங்கே பிரசாரமே நடத்தவேண்டி வந்தது.

சபைப் பயணம் எந்த எல்லைக்குப் போகும் என்பதற்கு ஹைதி சாட்சி. 2010 ஜனவரி 12-ல் அங்கே நிலநடுக்கம். அதே மாத இறுதியில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துப் பாப்டிஸ்ட் சபைகளைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட பத்துப் பேர், 33 குழந்தைகளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு டொமினிக்கன் குடியரசு எல்லையைக் கடக்கப் பார்த்தார்கள். கையில் உரிய காகிதம் எதுவும் இல்லை. அநாதைகளைக் காப்பாற்றுகிறோம் என்றார்கள். விசாரித்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருந்தார்கள். நல்ல படிப்பு கிடைக்கும் என்று சொன்னதை நம்பி அவர்களே ஒப்படைத்திருந்தார்கள். கைதானவர்கள் யாரும் குழந்தைகளை விற்க வந்தவர்களாகத் தெரியவில்லை. ஜெபித்துவிட்டுப் புறப்பட்ட சாதாரண மனிதர்கள். நல்ல மனசு இருந்தால் போதும், விசாரணை வேண்டாம் என்ற எண்ணம்தான் அவர்களை எல்லைச் சாவடியில் கொண்டுபோய் நிறுத்தியது.

ஹைதிக்குப் போகாமல் திருச்சியிலேயே நிற்கலாம். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் சிசுக்கொலையிலிருந்து மீட்கப்பட்டவர்கள் என்று சொல்லி வளர்க்கப்பட்ட பெண்கள் அங்கே ஓர் இல்லத்தில் இருந்தார்கள். அதற்கு ஜெர்மனியிலிருந்து ஆதரவு வந்தது. அந்த இல்லத்தைப் பற்றிய வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. அந்தப் பெண்களுக்குப் பெற்றோர் யார் என்று கண்டுபிடிக்க டி.என்.ஏ. பரிசோதனை நடத்த வேண்டியிருந்தது. இல்லத்தை நடத்தியவர் நல்லவரா கெட்டவரா என்பதற்குள் நான் போகவில்லை. ஒரு பெண் வளர்ந்து ஆளாகும்வரை அவளுடைய தாய் யார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, அவளைப் பார்க்க வந்துபோன அத்தனை விருந்தாளிகளில் ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

அடுத்தது, திரும்பிப் போகிறவர்கள் தவறாமல் சொல்லும் ஒரு விஷயம்: “எங்களை முன்னப்பின்ன தெரியாது, ஆனா பார்த்த உடனே ஓடிவந்து கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. அவ்வளவு அன்பு!” இந்த வாக்கியம் வராத சாட்சியே கிடையாது. நம் வீட்டு மூன்று வயதுப் பிள்ளை என்ன செய்யும்? புது ஆளைக் கண்டால் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளியும். ஆரோக்கியமாக வளரும் பிள்ளை அப்படித்தான் செய்யும். யாரைப் பார்த்தாலும் மடியில் ஏறிக்கொள்கிற குழந்தை, தனக்கென்று ஒரு ஆள் இல்லாததால் வருகிறவர்களையெல்லாம் பிடித்துப் பார்க்கிறது. குழந்தை உளவியலில் இதைப் பாதிப்பின் அடையாளமாகத்தான் எழுதுகிறார்கள். நாம் அதை அன்பின் அடையாளமாகப் படம் எடுத்து மாட்டிக்கொள்கிறோம்.

ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் 2000-ல் தொடங்கி ஓர் ஆய்வு நடந்தது. இல்லங்களில் இருந்த 136 சின்னக் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். மறுபாதி இல்லங்களிலேயே இருந்தது. நெல்சன், ஃபாக்ஸ், ஸீனா என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் வருஷக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தார்கள். வீட்டுக்குப் போன பிள்ளைகள் அறிவுத்திறனில் முன்னே போனார்கள். இரண்டு வயதுக்குள் வீடு கிடைத்தவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம். இல்லத்தில் சோறு இருந்தது, துணி இருந்தது, கூரை இருந்தது. ராத்திரி அழுதால் தினமும் வந்து தூக்குகிற அதே கை இல்லை. அப்படிப்பட்ட பிள்ளையிடம்தான் இங்கே ஒரு புது அக்கா இரண்டு வாரம் தங்க வருகிறாள், தலை வாரிவிடுகிறாள், தூங்கவைக்கிறாள், அழுதுகொண்டே டாட்டா காட்டிவிட்டுப் போகிறாள். அடுத்த மாதம் இன்னொரு அக்கா. விமான நிலையத்தில் அக்கா அழுவது வீடியோவில் இருக்கிறது. மறுநாள் காலை இல்லத்தில் என்ன நடந்தது என்று யாரும் எடுப்பதில்லை.

பாதுகாப்பு விஷயத்தில் நான் அதிகம் மெனக்கெடப் போவதில்லை, ஏனென்றால் இது எல்லோருக்கும் தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்கும் சமாசாரம். கோவாவில் ‘குருகுல்’ என்ற இல்லம் நடத்திய ஃப்ரெடி பீட்ஸ் பிள்ளைகளிடம் பாலியல் குற்றம் செய்ததற்காக 1991-ல் கைதாகி 1996-ல் ஆயுள் தண்டனை பெற்றார். ஊரில் அதுவரை அவர் பெரிய தர்மவான். மும்பையில் ‘ஆங்கரேஜ்’ காப்பகங்கள் வழக்கில் இரண்டு பிரிட்டிஷ்காரர்களுக்கான தண்டனையை உச்ச நீதிமன்றம் 2011-ல் மீண்டும் நிலைநிறுத்தியது. தமிழக இல்லங்களில் பிள்ளைகள் சுரண்டப்படுவதைப் பற்றிய வழக்கொன்று 2007-லிருந்து உச்ச நீதிமன்றத்தில் இருந்து, 2017 மே மாதம் தீர்ப்பு வந்தது. வழக்கின் பெயரிலேயே தமிழ்நாடு இருக்கிறது. எல்லா இல்லங்களும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவு செய்யப்பட வேண்டும் என்றது தீர்ப்பு. அதாவது அதுவரை பதிவே இல்லாமல் எத்தனையோ நடந்துகொண்டிருந்தன. பிரிட்டனிலோ ஆஸ்திரேலியாவிலோ போலீஸ் பின்னணிச் சோதனை இல்லாமல் ஒருவர் பிள்ளைகளோடு இப்படிப் புழங்கிவிட முடியாது. அதே மனிதர் இங்கே வந்தால் மாலை போட்டு உள்ளே அழைக்கிறோம், ஏனென்றால் வெள்ளைக்காரர், அதுவும் ஊழியக்காரர்.

போட்டோ விஷயமும் சட்டத்தில் இருக்கிறது. 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 74-ம் பிரிவு: பராமரிப்பில் உள்ள குழந்தையின் பெயர், படம், அடையாளம் எதையும் ஊடகத்தில் வெளியிடக்கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பிறந்தநாள் ஸ்டேட்டஸ் போடுகிற நம்மூர்க்காரர்களும் இதைக் கொஞ்சம் படித்து வைத்துக்கொள்வது நல்லது.

இனி எதிர்வாதங்கள். “எங்கள் பிள்ளைகள் வசதியில் வளர்கிறார்கள், கஷ்டம் என்றால் என்ன என்று பார்த்தால்தானே இரக்கம் வரும்” என்று ஒரு வாதம். இதற்கு மட்டும் எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் பையன் இரக்கம் கற்றுக்கொள்ள இன்னொருத்தியின் பையன் பாடப்புத்தகமா?

“அப்படியானால் உண்மையிலேயே யாருமில்லாத பிள்ளைகளை யார் பார்ப்பது? மிஷனரிகள் பார்க்கவில்லையா?” இது நியாயமான கேள்வி. பார்த்தார்கள். திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் 1901-ல் பிள்ளைகளைச் சேர்க்கத் தொடங்கினார். அவர் இந்தியாவுக்கு வந்தது 1895-ல், டோனாவூரிலேயே இறந்தது 1951-ல். நடுவில் ஒரு தடவைகூடச் சொந்த ஊருக்கு விடுமுறையில் போகவில்லை. தமிழ் படித்தார், புடவை கட்டினார், பிள்ளைகள் அம்மா என்றார்கள். அவருடைய மதக் கொள்கையோடு எனக்கு ஆயிரம் வழக்கு இருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு நேற்று வந்த முகம்தான் இன்றும் வந்தது. ரிட்டர்ன் டிக்கெட்டோடு வருகிறவர்கள் டோனாவூரைத் தங்கள் முன்னோடி என்று சொல்லிக்கொள்வதற்கு எந்த நியாயமும் இல்லை.

“நீங்கள் கிறிஸ்தவத்துக்கு எதிரி” என்றும் சொல்வார்கள். மறுபக்கத்திலிருந்து, மதமாற்றம் மதமாற்றம் என்று கத்துகிறவர்கள் இதைக் கையில் எடுத்துக்கொள்ளவும் பார்ப்பார்கள். இரண்டு பேருக்கும் ஒரு செய்தி. ‘கம்பேஷன் இன்டர்நேஷனல்’ என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ அமைப்பு இந்தியாவில் லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு உதவிக்கொண்டிருந்தது. அதன் வழிமுறையில் பிள்ளை தன் வீட்டிலேயே இருக்கும். பணமும் படிப்பும் உள்ளூர்ச் சபை வழியாக வரும். வெளிநாட்டு நிதிக் கட்டுப்பாட்டில் சிக்கி 2017-ல் அது இந்தியாவை விட்டே போய்விட்டது. அதன் மதப் பிரசாரத்தைப் பற்றி வாதாடலாம், வாதாட வேண்டும். ஆனால் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்காத ஏற்பாடு மூடப்பட்டது, பிரிக்கிற ஏற்பாட்டுக்கு விருந்தாளிகள் இன்னும் விசா வாங்கிக்கொண்டு வருகிறார்கள். இதில் எந்தப் பக்கத்துக்கு வெற்றி என்று எனக்கு விளங்கவில்லை.

இந்தப் பயணங்களுக்கு எப்போதும் ஆதாரமாகக் காட்டப்படுவது யாக்கோபு நிருபத்தின் முதல் அதிகாரத்தில் வரும் கடைசி வசனம். சட்டையில்கூட அச்சடித்துப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். அந்த வசனம் திக்கற்ற பிள்ளைகளை மட்டும் போய் விசாரிக்கச் சொல்லவில்லை, அவர்களோடு விதவைகளையும் சேர்த்தே சொல்கிறது. நம் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் ஏராளமானவர்கள் விதவையின் பிள்ளைகள். அந்த வசனத்தைச் சரியாகக் கடைப்பிடித்தால் போகவேண்டிய வீடு வேறு. சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்தில் ஓட்டு வீட்டில் இருக்கிறவளைப் பார்க்க ஒரு குழுவும் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அவள் ஓடிவந்து கட்டிப்பிடிக்க மாட்டாள். “எதுக்கு வந்திருக்கீங்க?” என்று கேட்பாள்.

பணக் கணக்கையும் பார்த்துவிடலாம். ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில், வறுமையால் இல்லத்துக்குப் போகக்கூடிய ஒரு பிள்ளை குடும்பத்திலேயே இருக்க மாதம் 4,000 ரூபாய் என்று அரசு வைத்திருக்கிறது. வருஷத்துக்கு 48,000. ஒரு குழுவில் பன்னிரண்டு பேர், ஆளுக்குப் பயணச் செலவு ஒரு லட்சம் என்றே குறைத்து வைப்போம். பன்னிரண்டு லட்சம். அந்தத் தொகையில் 25 பிள்ளைகள் ஒரு வருஷம் தாயோடு இருக்கலாம். இரண்டு வாரப் பாட்டுக்கும் ஒரு சுவர்ப் பெயின்ட்டுக்கும் அதுதான் விலை. பெயின்ட் அடிக்க காரைக்குடியில் ஆள் இல்லையா? கழனிவாசலில் காலையில் வேலைக்குக் காத்து நிற்பவர் இவர்களைவிட ஒழுங்காக அடிப்பார், கூலி அவர் வீட்டுக்கும் போகும்.

பிள்ளையை வீட்டிலேயே வைத்துக் காக்கும் திசையில் தமிழ்நாடு அரசு மெதுவாகவேனும் நகர்ந்திருக்கிறது. 2004 சுனாமியில் பெற்றோரை இழந்த பிள்ளைகளை யார் யாரோ வந்து கூட்டிக்கொண்டு போகப் பார்த்தபோது அரசே தடுத்துப் பொறுப்பேற்றது. அப்போது அதன் கைக்கு வந்த வழி அரசு இல்லம்தான். 2021-ல் கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைக்கு 5 லட்சம் வைப்புநிதி. அதோடு உறவினர் வீட்டில் வளர்ந்தால் மாதம் 3,000. 2025 செப்டம்பரில் தொடங்கிய ‘அன்புக் கரங்கள்’ மாதம் 2,000 தருகிறது, 18 வயது வரை, பிள்ளையை வளர்க்கும் வீட்டுக்கு. தொகை போதாது, மனு கொடுத்து அலையவேண்டியிருக்கிறது என்பதெல்லாம் உண்மை. ஆனாலும் பணம் போகிற விலாசம் சரியான விலாசம்.

பிள்ளை ஒரு வீட்டுக்குச் சொந்தம் என்பது செட்டிநாட்டுக்குப் புதுச் சேதியும் அல்ல. நகரத்தார் வீடுகளில் பிள்ளை கூட்டுகிற, அதாவது தத்தெடுக்கிற, வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. பங்காளிகள் கூடி, சடங்கு செய்து, பிள்ளைக்கு வீட்டையும் பேரையும் கொடுப்பார்கள். வாரிசு வேண்டி, அதுவும் தங்களுக்குள்ளேயே, ஆண்பிள்ளையாகப் பார்த்துச் செய்தது என்பதால் அதை நான் உயர்த்திப் பிடிக்கவில்லை. ஆனால் பிள்ளை வேண்டுமென்றால் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்று தெரிந்த ஊர், வருஷத்தில் ஒரு நாள் பிரியாணியோடு போய்ப் பார்ப்பதைப் புண்ணியம் என்று எப்படி ஏற்றுக்கொண்டது? இன்று சட்டத்தில் வளர்ப்புப் பராமரிப்பு என்று ஒரு வழி இருக்கிறது. தத்து எடுக்காமலே, குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவோடு ஒரு பிள்ளையை வீட்டில் வைத்து வளர்க்கலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டால் சொல்வார்கள். கேட்டுப் போகிறவர்கள் குறைவு, ஏனென்றால் அதில் கேக் வெட்ட முடியாது.

எங்கள் டிக்கெட் போட்டாகிவிட்டது, பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்பவர்கள் புறப்படுமுன் இல்லத்துக்கு நான்கு கேள்வி எழுதலாம். உங்கள் பதிவு எண் என்ன? எத்தனை பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ இருக்கிறார்கள்? போன வருஷம் எத்தனை பிள்ளைகளை வீட்டுக்குத் திரும்ப அனுப்பினீர்கள்? நாங்கள் வராமல், அந்தச் செலவை இன்னும் சில பிள்ளைகள் வீட்டுக்குப் போவதற்காகக் கொடுத்தால் வாங்கிக்கொள்வீர்களா? முதல் மூன்றுக்கு எப்படியாவது பதில் வந்துவிடும். நான்காவதற்கு, “பிள்ளைகள் எல்லாம் போய்விட்டால் நீங்கள் யாரைப் பார்க்க வருவீர்கள் பிரதர்?” என்று பதில் வந்தால் டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள்.